மாட்டினவர்தான் கழற்ற வேண்டும்

அந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் அவருடைய உண்மைப் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. எல்லோருக்கும் அவர் 'பூட்டு'. முகத்துக்கு நேரே பூட்டண்ணே, முதுகுக்குப் பின்னால் வெறும் பூட்டு. காரணம் இல்லாமல் இல்லை. ஆலையில் ஒரு பம்ப்பைப் பழுது பார்ப்பதென்றால், அதை நிறுத்தி, வால்வை மூடி, யாரும் தெரியாமல் ஓட்டிவிடாதபடி, அதில் வேலை செய்கிற ஒவ்வொருவரும் தன் சொந்தப் பூட்டை அதில் மாட்ட வேண்டும். வேலை முடிந்ததும் அவரவர் பூட்டை அவரவரே கழற்ற வேண்டும். கடைசிப் பூட்டும் கழன்ற பிறகுதான் பம்ப்பு ஓடும். உள்ளே கையை விட்டவன் கையை வெளியே எடுத்துவிட்டானா என்று அவனைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்? நல்ல ஏற்பாடுதான், யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் நம்ம ஆள் அதை வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு போய்விட்டார், அதுதான் தகராறு. குளியலறைக் கொக்கியில் மனைவி மாட்டிய துண்டைக்கூடத் தொட மாட்டார். "மாட்டினவங்கதான் கழட்டணும்" என்று சொட்டச் சொட்ட நிற்பார்.

கட்டுப்பாட்டு அறையில் திரைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவர் வேலை. அவருடைய மேஜை இழுப்பறையில் சாவி தொலைந்த பூட்டு ஒன்று வாயைப் பிளந்தபடி கிடந்தது. தூக்கி எறிந்தால் எவனாவது பொறுக்கி எடுத்து எங்காவது மாட்டித் தொலைப்பான், அப்புறம் ஜென்மத்துக்கும் கழற்ற முடியாது என்று பயந்து, அதை உள்ளேயே வைத்துப் பாதுகாத்து வந்தார். இவ்வளவு முன்யோசனை உள்ள மனிதருக்குத் தன் வீட்டில் என்ன வெடிக்கப் போகிறது என்று மட்டும் தெரியவில்லை.

உலகத்தில் எங்கேயோ எண்ணெய் விலை விழுந்தது. விலை ஏறினால் ஆள் எடுப்பார்கள், விழுந்தால் ஆளை எடுத்துவிடுவார்கள். இந்தத் தொழிலில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. இந்த முறை அதற்கு 'புத்துருவாக்கம்' என்று புதுப் பெயர் சூட்டியிருந்தார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து எச்.ஆர். அம்மா ஒருவர் வந்து, மாடிப்படிக்குப் பக்கத்துச் சின்ன அறையில் உட்கார்ந்தார். கண்ணாடிக் கதவில் உள்ளே தெரியாதபடி காகிதம் ஒட்டினார்கள். மேஜை மேல் முகம் துடைக்கும் காகிதப் பெட்டி ஒன்றை வைத்தார்கள். அந்தப் பெட்டியைப் பார்த்ததுமே பாதிப் பேர் மாடிப்படிப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டார்கள்.

"ஒரு நிமிஷம் வர்றீங்களா?" இதுதான் அழைப்பு. அதற்கப்புறம் ஆலையில் ஒருவரும் ஒருவரைப் பார்த்து ஒரு நிமிஷம் என்ற வார்த்தையைச் சொல்ல முடியாமல் போனது. டீ வாங்கக் கூப்பிட்டவனுக்குக்கூட அடி விழாத குறை.

பூட்டுக்குத் தன் வேலையைப் பற்றிய கவலை பாதி, மச்சினனைப் பற்றிய கவலை பாதி. மச்சினன் என்றால் மனைவியின் தம்பி. இதே ஆலையில் பம்ப்புகளுக்கு நடுவே நடந்து வால்வு திருப்புகிறவன். அவனை உள்ளே சேர்த்துவிட்டவரே பூட்டுதான். "என் தம்பிக்கு ஒண்ணுன்னா உங்களைத்தான் கேப்பேன்" என்று மனைவி அன்றைக்கே சொல்லிவைத்திருந்தாள். சொன்னால் சொன்னதுதான், அவள் வாய் அப்படி.

ஒரு நாள் காலையில் பூட்டுக்கே அந்த அழைப்பு வந்தது. உள்ளே நுழைந்தார். எச்.ஆர். அம்மா புன்னகைத்து, "உக்காருங்க. நீங்க தொடர்றீங்க" என்றார்.

எதைத் தொடர்கிறோம் என்று புரியவே பூட்டுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் மடை திறந்துவிட்டது.

"ரொம்ப நன்றிங்க! ரொம்ப நன்றி!"

"ஆனா உங்க உறவுக்காரர் ஒருத்தர், ஃபீல்டுல இருக்காரே, அவரைத்தான் அனுப்ப வேண்டியதாயிருக்கு."

"ரொம்ப நன்றிங்க" என்றார் பூட்டு.

வாய் ஓடிய வேகத்தில் வந்துவிட்டது. பாவி மனுஷன், சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. திருத்திச் சொல்ல வாயெடுப்பதற்குள் அந்த அம்மா அடுத்த ஆளைக் கூப்பிட எழுந்துவிட்டார். பூட்டு பேயறைந்தவர் மாதிரி கட்டுப்பாட்டு அறைக்குத் திரும்பி, திரையைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

அடுத்துக் கொஞ்ச நேரத்தில் கேமரா திரையில் எல்லாம் தெரிந்தது. மச்சினனைப் பாதி வேலையில் கூப்பிட்டார்கள். ஹெல்மெட்டை வாங்கினார்கள், அடையாள அட்டையை வாங்கினார்கள், நிறுவனம் கொடுத்த செல்ஃபோனை வாங்கினார்கள். ஒரு அட்டைப் பெட்டியைக் கையில் கொடுத்து, இரண்டு பக்கமும் காவலாளி வர, கேட் வரை நடத்திக்கொண்டு போனார்கள். அனுப்பப்பட்டவர் யாரும் அதற்கப்புறம் கேட்டுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது, கோபத்தில் எதையாவது உடைத்துவிடுவார்கள் என்பது ஆலை மேனேஜரின் கண்டிப்பான உத்தரவு. மச்சினன் கேட்டில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பெட்டிக்குள் ஒரு தண்ணீர் பாட்டிலும் ஒரு சீப்பும்தான் இருந்தன.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது மச்சினன் அங்கேதான் இருந்தான். மனைவி அவனுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தாள். பூட்டுக்குத் தட்டு வைக்கவில்லை.

"நீங்க ஒரு வார்த்தை பேசலையா?" என்றாள்.

"என்கிட்ட யாரு கேட்டாங்க? அவங்களா முடிவு பண்ணிட்டாங்க."

"மாமாவைத் திட்டாதக்கா" என்று மச்சினன் பரிந்துகொண்டு வந்தான். "மாமா எல்லாரோட நல்லா பழகுறவரு. அந்த எச்.ஆர். அம்மாவே சொன்னாங்க, உங்க மாமா ரொம்பப் பக்குவமா எடுத்துக்கிட்டாரு, நன்றிகூட சொன்னாருன்னு."

மனைவி கரண்டியோடு திரும்பினாள்.

"என்ன சொன்னாரு?" என்றாள் மனைவி.

"நன்றி."

"என் தம்பிய வீட்டுக்கு அனுப்பினதுக்கு நன்றியா?"

"அது அதுக்குச் சொன்னதில்லடி. அது முன்னாடி சொன்னதோட மிச்சம்..."

"மிச்சமா? மிச்சம் மீதி வெக்காம சொல்லிட்டு வந்தீங்களா? இன்னும் ஒரு மாலையும் போட்டுட்டு வந்திருக்கலாமே!" அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பேசினால் விஷயம் பெரிது என்று அர்த்தம். "இவனுக்கு இந்த வேலை திரும்பக் கிடைக்கிற வரைக்கும் நீங்க கேன்டீன்லயே சாப்பிட்டுக்குங்க. கேன்டீன்காரருக்கும் மறக்காம நன்றி சொல்லிடுங்க."

மச்சினன் பயந்துபோய்க் கையைத் துடைக்கக் கால்சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை இழுத்தான். கூடவே ஒரு சின்னச் சாவி விழுந்து தரையில் சறுக்கியது. சிவப்பு நூல் கட்டிய ஆலைச் சாவி. பூட்டுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"டேய் மாப்ளே. உன் பூட்டு எங்கடா?"

"ரெண்டாம் பம்ப்புலதான் மாமா. காலைல மாட்டினேன். கழட்டுறதுக்குள்ள கூப்பிட்டுட்டாங்களே."

"சாவிய எடுத்துட்டு வந்துட்டியா!"

"பெட்டிய மட்டும்தான் பாத்தாங்க. பாக்கெட்ட பாக்கல."

பூட்டு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். உடனே போய் ஒப்படைக்காவிட்டால் மண்டை வெடித்துவிடும் அவருக்கு. வாசலில் போய் நின்றவர், அப்படியே நின்றார். யாரிடம் ஒப்படைப்பது? இந்தச் சாவியைக் கொண்டு இன்னொருத்தன் திறக்கலாமா? கூடவே கூடாது. மாட்டினவன்தான் கழற்ற வேண்டும். மாட்டினவனையோ உள்ளே விட மாட்டார்கள்.

திரும்பி வந்து இதை எல்லாம் மனைவிக்கு விளக்கினார். வழக்கமாக ஆலைப் பேச்சை எடுத்தாலே கொட்டாவி விடுகிறவள் அன்றைக்குக் கண் கொட்டாமல் கேட்டாள்.

"அப்போ இவன் போனாத்தான் அந்தப் பம்ப்பு ஓடுமா?"

"ஆமா."

"இவனை உள்ள விட மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

அவள் ஒரு தட்டை எடுத்துக் கழுவி, அவர் முன்னால் வைத்தாள். "சாப்பிடுங்க. நாளைக்கு அங்க போய் யாருக்கும் நன்றி மட்டும் சொல்லித் தொலைக்காதீங்க."

மறுநாள் காலையில் முதலாம் பம்ப்பு முனக ஆரம்பித்தது. கச்சா எண்ணெயை உள்ளே தள்ளுகிறவை இந்த இரண்டு பம்ப்புகள்தான். ஒன்று ஓடும், ஒன்று ஓய்வெடுக்கும். முதலாவது நின்றால் ஆலையே நிற்கும். மேனேஜர் கட்டுப்பாட்டு அறைக்கு ஓடி வந்தார். மேனேஜர் கெட்டவர் இல்லை. ஆனால் மேலிடத்திலிருந்து ஃபோன் வந்தால் உட்கார்ந்தபடி பேசத் தெரியாது, எழுந்து நின்றுதான் பேசுவார்.

"ரெண்டாவத ஓட்டுங்க!"

"பூட்டு இருக்கு சார்."

"யாரோடது?"

"என் மச்சினனோடது சார்."

"அவர்தான் நேத்தே..." மேனேஜர் பாதியில் நிறுத்தினார். "சரி, கட்டர் கொண்டு வந்து அறுத்துடலாம்."

"அறுக்கலாம் சார். ஆனா முதல்ல ஆள்கிட்ட பேசிக் கேக்கணும். அப்புறம் யாராவது ஒருத்தர், நான் பம்ப்பப் பாத்தேன், ஆபத்தில்ல, என் பொறுப்புன்னு கையெழுத்துப் போடணும்."

மேனேஜர் தன் செல்ஃபோனை எடுத்து மச்சினன் எண்ணைத் தேடி அழைத்தார். அவருடைய அறைப் பக்கமிருந்து மணியடித்தது. எல்லோரும் அந்தத் திசையில் திரும்பிப் பார்த்தார்கள். பிடுங்கி வைத்த செல்ஃபோன் அவருடைய மேஜை இழுப்பறைக்குள் கிடந்து அலறிக்கொண்டிருந்தது. மேனேஜர் யாரையும் பார்க்காமல் அழைப்பைத் துண்டித்தார்.

"சரி, கையெழுத்த யார் போடுறது?"

சாதாரண நாளாக இருந்தால் யாராவது போட்டிருப்பார்கள். ஆனால் சின்ன அறையில் காகிதப் பெட்டி இருக்கிற நேரத்தில் எவன் பேனாவைத் தொடுவான்? ஷிஃப்ட் பொறுப்பாளர் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டதாகச் சொன்னார், மூக்கின் மேல் கண்ணாடி இருந்தது. பராமரிப்பு இன்ஜினியருக்கு அவசரமாக வயிறு கலக்கியது. பாதுகாப்பு அதிகாரி, "நான் இன்னிக்கு லீவு சார்" என்றார், அங்கேயே நின்றுகொண்டு.

மேனேஜர் பூட்டைப் பார்த்தார். "நீங்க போடுங்க. ஆலையையும் ஆளையும் தெரிஞ்சவரு நீங்கதான். அடுத்த சுற்று ஆள் குறைப்பு வரும்போது உங்களை ஞாபகம் வெச்சுக்கிறேன்."

எந்த விதத்தில் ஞாபகம் வைத்துக்கொள்வார் என்று அவர் சொல்லவில்லை. அவர் வீரர் இல்லை. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் மூன்று முறை நன்றி சொன்ன ஆள். மனசுக்குள் 'போட்டுத் தொலைச்சிடுறேன் சார்' என்றுதான் தயாராக வைத்திருந்தார். ஆனால் பழகிய வாய் இருக்கிறதே, அது முந்திக்கொண்டது.

"மாட்டினவர்தான் சார் கழட்டணும்."

மேனேஜர் தானே பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். "அந்தப் பம்ப்பு சரியா இருக்குதானே?" என்றார்.

"எனக்கு எப்படி சார் தெரியும்? நான் இங்க உக்காந்திருக்கேன்."

பேனா மூடிக்குள் திரும்பிப் போனது. "உங்க மச்சினன் இப்ப எங்க இருப்பாரு?"

"எங்க வீட்டுலதான் சார்."

வீட்டு எண்ணுக்கு அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டார்கள். எடுத்தது மனைவி.

"வணக்கம்மா, ஆலை மேனேஜர் பேசுறேன். உங்க தம்பிய ஒரு நிமிஷம் வரச் சொல்ல முடியுமா?"

"ஒரு நிமிஷமா? நேத்தும் அப்படித்தான் கூப்பிட்டீங்களாம்."

கட்டுப்பாட்டு அறையில் யாரோ இருமினார்கள். பூட்டு திரையில் எதையோ தீவிரமாகத் தேடினார்.

"இல்லம்மா, ஒரு பூட்டைக் கழட்டணும்."

"தாராளமா வருவான். எப்படி வரணும்? விருந்தாளியாவா, வேலைக்காரனாவா?"

விருந்தாளி பம்ப்பைத் தொடக் கூடாது. அது அவரே போட்ட உத்தரவு. அனுப்பப்பட்டவன் கேட்டுக்குள் வரக் கூடாது. அதுவும் அவர் போட்டதுதான். முதலாம் பம்ப்பின் முனகல் இப்போது கண்ணாடி ஜன்னல் வரை கேட்டது.

"வேலைக்காரராவே வரட்டும்மா" என்றார்.

எச்.ஆர். அம்மா கணினியில் மச்சினனைத் திரும்ப உயிர்ப்பித்தார். ஆலைக்குள் அவன் நுழைந்தபோது கேட்டுக்கு வெளியே அவன் அக்கா சாப்பாட்டுப் பையோடு நின்றுகொண்டிருந்தாள். இது முடிய நேரமாகும் என்று அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

மச்சினன் பம்ப்பிடம் போய், குனிந்து பார்த்து, பூட்டைத் தொடாமலே வாக்கி டாக்கியில் கூப்பிட்டான். "மாமா, பக்கத்துல ஃபிட்டர் பூட்டும் தொங்குது. மேல் மூடியும் மாட்டல. உள்ள எல்லாம் திறந்து கெடக்கு. இத அறுத்து ஓட்டியிருந்தா அவ்ளோதான், பக்கத்துல நின்ன ஆளு காலி."

பூட்டு மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் தன் பேனாவைப் பார்த்தார். வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "ஃபிட்டரைக் கூப்பிடுங்க" என்றார்.

"அவரும் நேத்துதான் சார்..."

ஃபிட்டரும் உயிர்ப்பிக்கப்பட்டார். ஃபிட்டர் வந்து, பம்ப்பைச் சுற்றி நடந்து, பிறந்த வீட்டுக்கு வந்தவர் மாதிரி ஒவ்வொரு திருகையும் தடவிப் பார்த்து, "பேரிங் வரலையே" என்றார். பேரிங் ஏன் வரவில்லை என்று விசாரித்தால், ஆர்டர் போட வேண்டிய ஸ்டோர்ஸ்காரர் சின்ன அறைக்குப் போனவர் திரும்பவில்லை. அவரையும் கூப்பிட்டார்கள். எச்.ஆர். அம்மா கணினியில் ஒவ்வொருவரையும் நீக்குவதும் உயிர்ப்பிப்பதுமாக விரல் வலித்துப் போய், "இவங்க எல்லாரும் அடுத்த சுற்று வரைக்கும் அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, காகிதப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்ச் சேர்ந்தார். பெட்டியில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

பேரிங் வந்தது, மாட்டி மூடினார்கள். ஃபிட்டர் தன் பூட்டைக் கழற்றினார், மச்சினன் தன் பூட்டைக் கழற்றினான், இரண்டாம் பம்ப்பு ஓடியது. அன்றைக்கே இருவரும் அந்தப் பூட்டுகளைக் கொண்டுபோய் முதலாம் பம்ப்பில் மாட்டினார்கள். அது அவ்வளவு முனகியிருந்ததே, பிரித்துப் பார்க்க வேண்டாமா? வேலை நியாயமான வேலைதான். ஆனால் அதற்கப்புறம் ஆலையில் எல்லோரும் வேலையை எப்போது முடிப்பது என்பதைவிட எப்போது ஆரம்பிப்பது என்பதில் அதிக அக்கறை காட்டினார்கள். முன்பெல்லாம் பூட்டு மாட்டச் சொன்னால் முணுமுணுக்கிறவர்கள், இப்போது விரும்பி வாங்கி மாட்டினார்கள். சாவியைக் கால்சட்டைப் பையில் அடியில் போட்டு, மேலே கைக்குட்டையைத் திணித்துக்கொண்டார்கள். பூட்டண்ணே என்று கூப்பிடுகிற குரலில் மரியாதை கூடியிருந்தது.

வீட்டிலும் தட்டு தவறாமல் வந்தது. ஒரு நாள் குளித்துவிட்டு வந்தவருக்கு மனைவி தானே துண்டைக் கழற்றி நீட்டினாள். பூட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. தண்ணீர்தான் என்று சமாளித்தார்.

அடுத்த சுற்று வந்தது. இந்த முறை வேறு எச்.ஆர். அம்மா, புதுக் காகிதப் பெட்டி. மதியச் சாப்பாட்டு நேரத்தில், கட்டுப்பாட்டு அறையில் பூட்டு மட்டும் இருந்தபோது, மேனேஜர் மெதுவாக உள்ளே வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை. கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"நாளைக்குக் காலைல என்னை அந்தச் சின்ன அறைக்கு வரச் சொல்லியிருக்காங்க."

"ஒண்ணும் இருக்காது சார். ஏதாவது கேக்கறதுக்காக இருக்கும்" என்றார் பூட்டு.

"ஒரு நிமிஷம் வாங்கன்னாங்க."

இரண்டு பேரும் திரையைப் பார்த்தார்கள். இரண்டு பம்ப்புகளில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, ஒன்றில் பூட்டுகள் கொத்தாகத் தொங்கின. மேனேஜருக்கென்று ஒரு பூட்டு எப்போதும் இருந்ததில்லை. மேனேஜருக்கு யார் பூட்டு கொடுப்பார்கள்? பம்ப்புக்குள் கையை விடுகிறவனுக்குத்தான் அது.

"உங்ககிட்ட எக்ஸ்ட்ராவா ஒரு பூட்டு இருக்குமா?" என்றார் மேனேஜர், கேட்டும் கேட்காத குரலில்.

"பூட்டை இரவல் குடுக்கக் கூடாது சார்."

"தெரியும். உத்தரவு போட்டதே நான்தான்."

பூட்டு அவர் முகத்தைப் பார்த்தார். கேட்டில் அட்டைப் பெட்டியோடு திரும்பிப் பார்த்தானே மச்சினன், அதே முகம். பார்க்கச் சகிக்கவில்லை. பூட்டு இழுப்பறையைத் திறந்தார். இத்தனை காலமும் யார் கண்ணிலும் காட்டாமல் வைத்திருந்த அந்தப் பூட்டை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"இது ஒண்ணுதான் சார் இருக்கு. ஆனா இதுக்குச் சாவி இல்ல. மாட்டிட்டா யாராலயும் கழட்ட முடியாது. உங்களாலயே முடியாது."

மேனேஜர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"ரொம்ப நன்றிங்க" என்றார். வாசல் வரை போனவர் திரும்பி நின்று, "ரொம்ப நன்றி" என்று இன்னொரு முறையும் சொல்லிவிட்டுப் போனார்.